காருக்குள்ளிருந்து எண்ணிய லயம்

சில ஆண்டுகளுக்கு முன், கோலசிலாங்கூர் வட்டாரத்துச் செம்பனைத் தோட்டம் ஒன்றைப் பற்றி, ‘நம்மவர்கள் யாரும் இங்கே இல்லை, எல்லோரும் பட்டணம் போய்விட்டார்கள்’ என்று எழுதிக் கொடுத்தேன். அது உண்மை இல்லை. காரை விட்டு இறங்காமலேயே எழுதியது.

நான் புவியியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். ரவாங்கில் குடியிருக்கிறேன். கிராமத்தில் மக்கள்தொகை குறைவதையும் நகரத்தில் பெருகுவதையும் கரும்பலகையில் அம்புக்குறி போட்டு ஆயுள் முழுக்கக் கற்பித்திருக்கிறேன். சிறுநீரக நோயாளிகளை இரத்தச் சுத்திகரிப்புக்கு இலவசமாக வேனில் கொண்டுபோகத் திட்டமிட்ட ஒரு குழு, எந்தத் தோட்டத்தில் எத்தனை குடும்பம், யாருக்கு வேன் தேவை என்று கணக்கெடுத்துத் தரும்படி என்னைக் கேட்டது. படித்தவர், பொறுப்பாகச் செய்வார் என்று நம்பினார்கள்.

அந்தத் தோட்டத்துக்கு நான் போனது ஒரு வேலை நாள் காலை. நல்ல வெயில். தொழிலாளர்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயத்தின் முன்வரிசையில் பூட்டுத் தொங்கியது. வாசலில் ஒரு மோட்டார் சைக்கிள்கூட இல்லை. இரண்டு நாய்கள் குரைத்துக்கொண்டு காரை நோக்கி ஓடி வந்தன. எனக்கு வியப்பே ஏற்படவில்லை. இத்தனை காலம் நடத்திய பாடம் கண்ணெதிரே நிற்பதாகத் திருப்திகூடப் பட்டுக்கொண்டேன். காரைத் திருப்பினேன். வேன் போகும் வழியிலிருந்து அந்தத் தோட்டம் நீங்கியது.

பல மாதங்கள் கழித்து, தஞ்சோங் காராங்கில் அரிசி வாங்கிவிட்டுச் சாலையோரக் கடையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். மோட்டார் சைக்கிள் ஒன்று வந்து நின்றது. நாற்பது வயதுக்காரர் ஓட்டி வந்தார். பின்னால் இருந்த மனைவியைத் தம் இடுப்போடு சேர்த்து ஒரு நீளத் துண்டால் கட்டியிருந்தார். முடிச்சை அவிழ்த்து, அந்த அம்மாவை என் மேசைக்கு எதிர் நாற்காலியில் உட்கார வைத்தார். கடையில் ஐஸ் கேட்டு வாங்கி, ஒரே ஒரு கட்டியை மனைவியின் வாயில் வைத்தார். சிறுநீரக நோயாளிகள் தண்ணீரைக்கூட அளந்துதான் குடிக்க வேண்டும்.

“என்ன தம்பி, இப்படியா கட்டிக்கிட்டு வர்றது?” என்றேன்.

“ரத்தம் கழுவிட்டு வந்தா இவளுக்குத் தல சுத்தும் சார். கட்டலன்னா வழியிலேயே எறங்கிடுவா. தாலி முடிச்சவிட இது கெட்டி லா.”

“ரொம்பத்தான் பீத்திக்காத. போன மாசம் அவுந்துச்சே, அதையும் சொல்லு” என்று அந்த அம்மா முழங்கையைக் காட்டினார். காயம் இன்னும் முழுசாக ஆறவில்லை.

“வேன் ஓடுதே, கேக்கலையா?”

“எங்க எஸ்டேட்டுக்கு வராதாம் சார்.” தோட்டத்தின் பெயரைச் சொன்னார்.

யோசிக்காமல், “அங்கதான் ஆளே இல்லையே!” என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். “அப்ப நாங்க என்ன சார், பேயா?”

பிறகு அவரே விளக்கினார். விடியுமுன் சிலர் மோட்டார் சைக்கிளிலும் மற்றவர்கள் கம்பெனி பஸ்ஸிலும் தொழிற்சாலைக்குப் போய்விடுவார்கள்; திரும்புவதற்கு இருட்டிவிடும். பிள்ளைகள் பள்ளிக்கூட வேனில் போவார்கள். இளைஞர்கள் சிலர் ரவாங்கில் அறை எடுத்துத் தங்கிச் சனிக்கிழமை வீட்டுக்கு வருவார்கள். அந்த இளைஞர்களை நகரத்துக் கணக்கில் சேர்ப்பதா, தோட்டத்துக் கணக்கில் சேர்ப்பதா? என் அம்புக்குறி ஒரு பக்கம்தான் போகும். அவர்களோ வாரந்தோறும் திரும்பி வந்துகொண்டிருந்தார்கள்.

அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். தேநீருக்குக் காசு கொடுத்துவிட்டுக் கிளம்பிவிட்டேன். அந்த ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துக்குப் போனேன். கம்பியெல்லாம் துணி, வாசலெல்லாம் மோட்டார் சைக்கிள்கள். அவர்கள் வீட்டைத் தேடிப் போய், நடந்ததை நின்றபடியே சொன்னேன்.

கணவர் முகம் இறுகியது. அந்த அம்மா மட்டும் மெதுவாகக் கேட்டார்.

“வெள்ளக் காருதான சார்? நா உள்ள படுத்திருந்தேன். நாய் கொலைக்குதேன்னு செவுத்தப் புடிச்சுக்கிட்டே வாசலுக்கு வந்தேன். காரு திரும்பிப் போயிருச்சு.”

“ஒரு ஹாரன் அடிச்சிருக்கலாமே சார்” என்றார் கணவர்.

குழுவிடம் போய் ஒப்புக்கொண்டேன். திட்டினார்கள், வாங்கிக்கொண்டேன். ஆனால் வேனில் அதற்குள் எல்லா இடமும் நிரம்பியிருந்தது. அதனால் வாரத்தில் மூன்று நாள் அந்த அம்மாவை என் காரிலேயே கூட்டிப்போக அனுமதி கேட்டேன். கணவர் சம்மதித்தார், ஆனால் என்னோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார். அந்த அம்மா பின் இருக்கையில் கண்ணை மூடிக்கொண்டு வருவார்.

ஒருநாள் கண்ணைத் திறக்காமலேயே கேட்டார்: “சார், மத்த எஸ்டேட்டெல்லாம் எறங்கிப் பாத்தீங்களா?”

“சிலதுல எறங்கலம்மா.”

“அப்ப ஞாயித்துக்கெழம சும்மாதான இருக்கீங்க, போய்ப் பாருங்க. என்னைய மட்டும் ஏத்திக்கிட்டுத் திரிஞ்சா ஆச்சா?”

போனேன். ஒவ்வொரு கதவையும் தட்டினேன். சுங்கை ஆயர் தாவார் பக்கம் ஒரு தோட்டத்தில், போக வழியில்லாமல் சுத்திகரிப்பையே அடிக்கடி தவறவிட்டுக்கொண்டிருந்த ஒருவரைக் கண்டுபிடித்தேன். அவர் உடம்பெல்லாம் வீங்கியிருந்தது. அவரையும் காரில் ஏற்றிக்கொண்டேன். வேனில் ஓர் இடம் காலியானபோது, “மொதல்ல அவருக்குக் குடுங்க” என்றார் அந்த அம்மா. வேனில் வந்துகொண்டிருந்த ஒருவர் இறந்ததால்தான் அந்த இடம் காலியானது என்று எங்கள் இருவருக்கும் தெரியும்.

பின்னால் இன்னோர் இடமும் கிடைத்தது; இப்போது வேன் அந்த அம்மாவின் லயத்து வாசலுக்கே வருகிறது. அந்தக் கணவர் என்னை எங்கேயாவது பார்த்தால் தலையசைக்கிறார், அவ்வளவுதான். அதற்கு மேல் எதிர்பார்க்க எனக்கு உரிமை இல்லை. கணக்கை நான் திருத்திவிட்டேன்; ஆனால் அந்த அம்மா துண்டில் கட்டுண்டு வெயிலில் போய்வந்த மாதங்களைத் திருத்த என்னிடம் ஒன்றுமில்லை என்ற நினைப்போடுதான் ஒவ்வொரு ஞாயிறும் இன்னும் கதவுகளைத் தட்டிக்கொண்டிருக்கிறேன்.