ஞானம் வாசித்த அதிகாரம்

வேதபாட வகுப்பு நடத்துகிறவளுக்கு வகுப்பு நாள் பாரமில்லை. அதற்கு முந்திய நாள்தான் பாரம். வேதாகமத்தையும் பென்சிலையும் வைத்துக்கொண்டு, நாளைக்கு என்ன சொல்வதென்று தெரியாமல் ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தவர்கள் யாரேனும் இதைப் படித்தால், நீங்கள் எனக்கு உறவு. சிராங்கூன் சாலையில் ஒரு கடைவீட்டு மாடியில், புதன்கிழமைப் பிற்பகல்களில், நான்கு பெண்களுக்கு நான் அந்த வகுப்பை நடத்தினேன். ஊரில் மின்சார டிராம் புதிதாக ஓடத் தொடங்கியிருந்த காலம்.

நீல மை ஆறுகள்

முதல் வகுப்புக்கு மூன்று நாள் தயார் செய்தேன். சென்னையில் கல்லூரியில் படித்தபோது எழுதிய குறிப்புகளைத் தேடி எடுத்தேன். கானான் தேசத்தின் படம் வரைந்து, ஆறுகளுக்கு நீல மை தீட்டினேன். வகுப்பில் ஒரு மணி நேரம் நான் ஒருத்தியே பேசினேன். நால்வரும் மடியில் கை வைத்து மரியாதையாகக் கேட்டார்கள்.

படத்தைச் சுருட்டும்போது, நால்வரில் ஒருவரும் அந்த மாடி வீட்டுக்காரியுமான எஸ்தரக்கா சொன்னார்: "நல்லாத்தான் இருந்துச்சு டீச்சரம்மா. ஆத்தையெல்லாம் காட்டினீங்க, குடிக்க ஒரு வாய்தான் தரல."

மாற்றி வைத்த பாடம்

நால்வரில் இளையவள் ஞானம். என்னிடமே எழுத்துக் கூட்டக் கற்று, ஓர் அதிகாரத்தைத் தட்டுத் தடுமாறியாவது வாசிக்கும் அளவுக்கு வந்திருந்தாள். அவளுடைய எட்டு மாதக் குழந்தை காய்ச்சலில் நான்கு நாள் கிடந்து இறந்தது. துறைமுகப் பட்டறையில் வேலை பார்த்த அவள் கணவர், அடக்கம் முடிந்து வந்து தரையில் படுத்தவர்தான். ஆறு நாளாகக் கஞ்சித் தண்ணீர் தவிர எதுவும் இறங்கவில்லை. பிள்ளைக்குப் பின்னால் அவரும் போய்விடுவாரோ என்று ஞானம் நடுங்கிக்கொண்டிருந்தாள்.

அந்த வாரம் வரிசைப்படி வரவேண்டிய பாடம், தாவீது ராஜாவின் குழந்தை சாகிற அதிகாரம். பக்கத்தைத் திறப்பதும் மூடுவதுமாக இரண்டு நாள் கழிந்தது. கடைசியில், யாருக்கும் நோகாத ஒரு சங்கீதத்தைத் தயார் செய்துகொண்டு போனேன். ஞானம் வரமாட்டாள் என்று நினைத்திருந்தேன், வந்தாள். பாடம் வேறு என்றேன்.

"இதைத்தானே டீச்சரம்மா படிச்சிட்டு வரச் சொன்னீங்க? வீட்ல எழுத்துக் கூட்டிப் பாத்துட்டேன். நானே வாசிக்கிறேன்."

பெயர் வரும் இடம்

வாசிக்கத் தொடங்கினாள். ராஜாவின் பெயர் வந்ததும் நின்றாள். எழுத்து புரியவில்லை போலும் என்று, "தாவீது" என்று எடுத்துக் கொடுத்தேன். அடுத்த வரியிலும் நின்றாள். மறுபடியும் எடுத்துக் கொடுத்தேன். அவள் முகம் சிவந்து, தலை குனிந்தது. எஸ்தரக்கா என் முழங்கையைக் கிள்ளினார். "அவ வீட்டுக்காரர் பேரு டீச்சரம்மா அது. வாயால சொல்லுவாளா?"

எத்தனை தயாரித்தும் இது எனக்குத் தோன்றவில்லை. புருஷன் பெயரை உச்சரிக்காத பெண்களுக்கு நடுவில்தான் நானும் வளர்ந்தேன். அதற்குள் ஞானம், பெயர் வருகிற இடத்திலெல்லாம் "அவங்க" என்று போட்டு வாசிக்க ஆரம்பித்துவிட்டாள். பிள்ளை நோயாய்க் கிடந்தபோது அவங்க தரையில் கிடந்தாங்க. அவங்க சாப்பிடல. பிள்ளை இறந்ததும் அவங்க எழுந்து, குளிச்சு, உடுப்பு மாத்தி, சோறு கேட்டுச் சாப்பிட்டாங்க. யாரும் சிரிக்கவில்லை. அவள் விரலை அந்த இடத்திலேயே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"இதை வீட்ல போய் வாசிக்கலாமா டீச்சரம்மா? முழுசும் வேணாம். எந்திரிக்கிற இடம் மட்டும்."

அடுத்த புதன்

அந்த வாரம் எந்தப் பாடமும் என்னால் தயாரிக்க முடியவில்லை. மாடிப்படியில் ஞானத்தின் காலடி கேட்டதும் நானே எழுந்து போய், என்ன ஆயிற்று என்று கேட்டேன். மூச்சு வாங்கியபடி சொன்னாள்.

"வாசிச்சேன். மொத நாள் சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துட்டாங்க. மறுநாளும் வாசிச்சேன். மூணாம் நாள், 'அந்த ராஜா எந்திரிச்சு என்னத்தத் தின்னாரு?'ன்னு கேட்டாங்க. புத்தகத்துல அது போடலியே டீச்சரம்மா! அடுப்புல ரசந்தான் இருந்துச்சு. ரசஞ்சோறுன்னு சொல்லிட்டேன். எந்திரிச்சுச் சாப்பிட்டாங்க."

அதன் பிறகு எத்தனையோ வருடம் வகுப்பு நடத்திவிட்டேன். வேதத்தில் ஞானம் சேர்த்த அந்த ஒரு வார்த்தையைத் திருத்துகிற துணிவு மட்டும் எனக்கு இன்னும் வரவில்லை.