உரோமாபுரி வைனும் ஒரு செம்புத் தண்ணீரும்

குருநகரில் எங்கள் வீட்டு நத்தாருக்கு, அதுதான் கிறிஸ்மஸுக்கு, வைன் போடுவது என் வேலை. திராட்சைப் பழம், சீனி, கறுவா, கொஞ்சம் ஈஸ்ட், ஒரு பெரிய சாடி. அக்கம்பக்கத்தார் எல்லோரும் நல்லது என்பார்கள். பிரான்சிலிருந்து வரும் அக்காவின் கணவர் மட்டும் ஒரு வாய் குடித்துவிட்டு, "மச்சாள், உம்மடை சர்பத் நல்லாயிருக்கு" என்பார். வருடா வருடம் இதே பகிடி. மேசை முழுக்கச் சிரிக்கும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவர் வாயால் ஒரு தடவையாவது அதை வைன் என்று சொல்ல வைக்காமல் விடுவதில்லை என்று இருந்தேன்.

போன நத்தாருக்கு முன் ஒரு புத்தகத்தில், பழைய உரோமாபுரியார் தண்ணீர் கலக்காமல் வைன் குடிப்பதில்லை என்று வாசித்தேன். அப்படிக் குடிப்பவன் காட்டுமிராண்டியாம். கோயில் பூசையில் சுவாமியார் திராட்சை இரசத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுவதை எத்தனை காலமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஏன் என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

நத்தார் மத்தியானம் அத்தானின் கிளாஸை நிரப்பி, பக்கத்தில் ஒரு செம்புத் தண்ணீரும் வைத்தேன்.

"உதென்னத்துக்குத் தண்ணி?"

"இது ஆதிகாலத்து உரோமாபுரி முறை, அத்தான். ஒண்டுக்கு மூண்டு தண்ணி விட்டுத்தான் குடிக்கிறது. அவையளே தனியக் குடிக்கப் பயந்தவை."

மீன் தூண்டிலைக் கடித்தது. கள்ளில் தண்ணீர் கலந்தாய் என்று சொன்னாலே கைகலப்பு வருகிற ஊரில் பிறந்த மனிதர் அவர்.

"தண்ணியை நீர் பூங்கண்டுக்கு விடும். பிரான்சிலை நான் குடிக்காத வைனே?"

ஒரே மடக்கில் குடித்தார். கண்ணை மூடிக்கொண்டு, "ம்... ஏறுது" என்றார். அடுத்த கிளாஸில் காது சிவந்தது. அதற்கடுத்ததில் அக்காவின் கையைப் பிடித்து, கலியாணம் கட்டிய நாளிலிருந்து சொல்லாத அன்பையெல்லாம் சபையில் சொன்னார். பிறகு கதிரையிலேயே குறட்டை.

அக்கா என்னைக் குசினிக்குள் இழுத்துப் போனாள். "உண்மையைச் சொல்லு. எவ்வளவு சாராயம் விட்டனீ?"

"ஒரு சொட்டும் இல்லை. வெறி ஒரு அளவுக்கு மேலை ஏறினால் ஈஸ்டே செத்துப்போகும், அக்கா, அதுக்குப் பிறகு வைன் கடுமையாகாது. உரோமாபுரி வைனும் எங்கடையை விடப் பெரிசாக் கடுமையில்லை. கனநேரம் இருந்து கதைச்சுக் குடிக்கத்தான் அவையள் தண்ணி விட்டவை."

"அப்ப உந்த மனிசனுக்கு என்ன ஏறினது?"

"நான் சொன்ன கதை."

அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

மறுநாள் காலை அத்தான் நெற்றியைப் பிடித்துக்கொண்டு வந்தார். "மச்சாள், உதுதான் வைன். பிரான்சிலையும் உப்பிடி ஒண்டு இல்லை. ஒரு போத்தல் கட்டித்தாரும், கொண்டு போக."

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. நன்றாகச் சுற்றிக் கட்டிக் கொடுத்தேன்.

அந்த வருடம் நான் வைனே போடவில்லை. அதற்கு முந்தைய நத்தாரில் அவர் குடித்துவிட்டுச் சிரித்த சர்பத்தில் மிஞ்சியதைத்தான் போத்தல்களில் அடைத்து வைத்திருந்தேன்.