பெட்டி கட்டியவள்

"பெட்டி கட்டிட்டா" என்று சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறீர்களே, என் மருமகள் கல்யாணமான மறுவாரத்திலிருந்து பெட்டிதான் கட்டிக்கொண்டிருந்தாள். அதுதான் அவள் தொழில். கார் டிக்கியில் வைக்கிற ஸ்பீக்கர் பெட்டி. கடை என் மகனுடையது, எங்கள் வீட்டு முன்கட்டில்தான் இருக்கிறது. விலை பேசுவதும் ஒயர் இழுப்பதும் அவன். பலகை அறுத்து, பிசின் தடவி, திருகு முடுக்கிப் பெட்டியாக்குவது அவள். புருஷனை விட்டுவிட்டுக் காரோட்டியோடு ஓடிவிட்டாள் என்று மாடி வீட்டுக்காரி குழாயடியில் சொன்னாளாம். அந்தக் காரோட்டிக்குப் பேரன் எடுக்கிற வயது. மாடி வீட்டுக்காரி பார்த்தது கார் போனதை மட்டும்தான். நான் கடைக்குள் இருந்தேன். என்னைக் கேளுங்கள்.

அவளும் நானும் கொஞ்சிக் குலாவியவர்கள் இல்லை. குழம்பில் உப்புக் கூட என்று ஒரு நாள் சொன்னதற்கு, மறுநாள் உப்பே போடாமல் வைத்தாள். நானும் விடவில்லை, ஒரு வார்த்தை சொல்லாமல் சாப்பிட்டு முடித்தேன். அவள் அப்பா கட்டில், அலமாரி செய்கிறவர். அவரிடம் கற்றுக்கொண்ட கை. புருவமெல்லாம் மரத்தூளாகத்தான் சாப்பிட வந்து உட்காருவாள். முகத்தைக் கழுவு என்றால், "மறுபடி ஏறத்தானே போகுது அத்தை" என்பாள்.

இந்தப் பெட்டிகளில் இரண்டு வகை. ஒன்று எல்லாப் பக்கமும் அடைத்தது. அது மூடின பெட்டி. இன்னொன்றில் ஒரு துளை விட்டு உள்ளே குழாய் வைப்பார்கள். எங்கள் தெருவில் அதற்கு ஓட்டைப் பெட்டி என்று பெயர். உள்ளே இருக்கிற காற்றும் சேர்ந்து அடிப்பதால் சத்தம் ரொம்பப் பெரிதாக வரும். எங்கள் கடைக்குப் பெயர் கிடைத்ததே அந்தச் சத்தத்தால்தான். அதில் என் மகனைக் குறை சொல்ல மாட்டேன். அந்த ஓட்டைப் பெட்டிகளைக் கட்டியதும் அவள்தான். "வீட்டுக்குத் தகுந்த வாசல் வைக்கணும் அத்தை, கண்ட இடத்துல வெட்டினா வீடு நிக்காது" என்று வேலை செய்தபடியே சொல்வாள்.

அந்த வாடகைக் கார் ஓட்டுகிறவர் ஒரு நாள் காலையில் வந்தார். அவருடைய ஒரே மகன் டிரம்ஸ் வாசிக்கிறவனாம். காய்ச்சலில் போய்விட்டான். அவன் தனியாக உட்கார்ந்து வாசித்துப் பழகியது அவர் போனில் இருந்தது. சவாரிக்குக் காத்திருக்கும்போது அதைக் காரில் கேட்க வேண்டும், அவ்வளவுதான் அவர் ஆசை. என் மகன் ஓட்டைப் பெட்டியைச் சொன்னான், நெஞ்சில் வந்து மோதும் என்றான். அவரும் தலையாட்டினார். அவன் வேறு வண்டியைப் பார்க்கப் போன பிறகு, அவள் அந்தப் போனை வாங்கிக் காதில் வைத்து முழுக்கக் கேட்டாள்.

"கால்ல மிதிக்கிற டிரம் இருக்குல்லண்ணே, ஒவ்வொரு மிதிக்கும் நடுவுல தம்பி துளி நிறுத்துறாரு. ஓட்டைப் பெட்டியில சத்தம் இழுத்துக்கிட்டே நிக்கும், அது தெரியாமப் போயிடும். மூடின பெட்டியில சத்தம் கம்மிதான். ஆனா அந்த நிறுத்தம் கேக்கும்."

அவர் போனைத் திரும்ப வாங்கிக்கொண்டார். பிறகு, "அது கேக்கணும்மா" என்றார்.

சின்னதாக, கனமாக ஒரு மூடின பெட்டி கட்டினாள். ஸ்பீக்கரைப் பொருத்திவிட்டு அதன் முகத்தில் அதிர்கிற தாளை விரல் நுனியால் மெல்ல அமுக்கி, ஒவ்வொரு மூட்டிலும் கன்னத்தை வைத்துப் பார்த்தாள். எங்கேயும் காற்றுக் கசியவில்லை. திருகு தீர்ந்துவிட்டதென்று வாங்கப் போனாள்.

அந்த நேரம் பார்த்து டயர் கடைக்காரன் என் மகனைச் சீண்டினான். ஓட்டை போடுவதற்குக்கூட இப்போது வீட்டம்மாவிடம் உத்தரவு வாங்க வேண்டுமாமே என்று கேட்டிருக்கிறான். இவன் முகம் சிவந்து வந்தான். வந்த வேகத்தில் ஸ்பீக்கரைக் கழற்றி, முடிந்த பெட்டியில் இரம்பத்தை விட்டு வட்டமாக அறுத்து, கையில் கிடைத்த குழாயைச் செருகினான். அவள் வரட்டும், இரு என்றேன். "இது என் கடைம்மா" என்றான். கார்க்காரரும் வந்துவிட்டார், பெட்டி டிக்கிக்குள் போய்விட்டது.

அவள் திரும்பி வரும்போது அந்தப் பையனின் வாசிப்பு ஓடிக்கொண்டிருந்தது. வாசிப்பென்றா சொல்வது, யாரோ பாறையை உருட்டுவது மாதிரி இருந்தது. பின்னால் காற்றின் தாங்கல் இல்லாமல் ஸ்பீக்கர் தாள் முன்னும் பின்னும் பாய்ந்து கடகடவென்று அடித்தது. கருகின வாசனை வந்தது. நின்றுபோயிற்று.

பின்சீட்டில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த கார்க்காரர் திட்டவில்லை. என்ன ஆச்சு என்று மட்டும் கேட்டார்.

என் மகன் சொன்னான்: "வீட்டுக்காரி அளவைத் தப்பா எடுத்துட்டாண்ணே."

அவர் அவளைத் திரும்பிப் பார்த்தார். ஒரு பார்வைதான்.

"ஏங்க, நீங்கதான் வெட்டுனீங்கன்னு அவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுங்க" என்றாள். குரலை உயர்த்தவில்லை.

"யார் வெட்டினா என்ன, ஒரே கடைதானே" என்று அவன் சிரித்து மழுப்பினான்.

நான் பெற்ற பிள்ளைதான். அதனால்தான் அத்தனை பேர் முன்னாலும் அவனிடம் சொன்னேன்: "டேய், வெட்டினது நீ. நான் பாத்தேன்." உள்ளே போங்கம்மா என்றான். நான் போகவில்லை. ஆனால் மருமகளுக்குப் பரிந்து பேசுகிறேன் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள்.

அதற்குப் பிறகு டயர் கடையில் தொடங்கித் தெரு முழுக்க, அந்தம்மாவுக்கு அளவு வராது என்று பேச்சாகிவிட்டது. பழைய வாடிக்கைக்காரர்கள்கூட, அண்ணே, நீங்களே அளந்துடுங்க என்றார்கள். அவள் காதுபடவே. அவளிடம் இருந்ததெல்லாம் அந்தக் கையின் மேல் ஊருக்கு இருந்த நம்பிக்கைதான். அதுவும் போயிற்று. தினமும் அந்த ஒரு வார்த்தையைக் கேட்டாள். அவனும் தினமும், மானத்தை வாங்காதே என்றான்.

கேட்டுக்கொண்டே இன்னொரு மூடின பெட்டியையும் கட்டி முடித்தாள். கார்க்காரர் வந்தார். அவளே புது ஸ்பீக்கரைப் போட்டு டிக்கியில் வைத்துப் பொருத்தினாள். வாசிப்பு ஓடியது. ஒரு மிதி, துளி மௌனம், இன்னொரு மிதி. அந்த மனிதர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்தார். நான் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

அப்போதாவது இவன் வாயைத் திறப்பான் என்று பார்த்தேன். திறந்தான். "இந்தத் தடவை பக்கத்துலயே நின்னு நான் சரிபண்ணிக் குடுத்தேண்ணே" என்றான்.

அவள் டிக்கியை மூடினாள். கையைக் கழுவினாள். அன்றைக்குத்தான் முகத்தையும் தேய்த்துக் கழுவினாள். அப்பா கொடுத்த உளியையும் இழைப்புளியையும் துணியில் சுற்றிக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"அத்தை, என் கை செஞ்சதெல்லாம் அவருதுன்னு சொல்லட்டும், பொறுத்துக்குவேன். அவர் கை செஞ்ச தப்பையும் என் தலையில கட்டினா, நான் எதை வெச்சுப் பொழைக்கிறது?"

"சாப்பிட்டுட்டுப் போ" என்றேன். போகாதே என்று நான் சொல்லவில்லை. இனியும் சொல்ல மாட்டேன்.

சாப்பிட்டாள். அவளை அவள் அப்பா வீட்டில் இறக்கிவிடச் சொல்லிக் கார்க்காரரிடம் கேட்டது நான். கதவைத் திறந்துவிட்டதும் நான்தான். மாடி வீட்டுக்காரியிடம் இதையும் சேர்த்துச் சொல்லுங்கள். எங்கள் வீட்டுக்குப் பின்வாசலும் உண்டு. அவள் அந்தப் பக்கம் போகவில்லை. வாடிக்கைக்காரர்கள் நிற்க, டயர் கடைக்காரன் எட்டிப் பார்க்க, கையில் ஒயரோடு என் மகன் நிற்க, கடையின் நடுவாகத் தலை நிமிர்ந்து நடந்து முன்வாசல் வழியாக வெளியே போனாள்.