கறுத்த பஞ்சு

எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் ஆர்ட்டரி. ஆர்ட்டரி என்றால் ரத்தக்குழாய், ஆபரேஷனில் அதைக் கவ்விப் பிடிக்கிற இந்தக் கருவிக்குப் பெயர் ஃபோர்செப்ஸ் என்று கல்யாணமாகி வந்த புதிதில் சொல்லிப் பார்த்தேன். யாரும் காதில் வாங்கவில்லை. என் கணவர் காசிமேட்டில் விசைப்படகு இன்ஜின் மெக்கானிக். இன்ஜின் இடுக்கில் விழுந்த வாஷரை எடுக்க அங்கே பலரும் ஆர்ட்டரிதான் வைத்திருக்கிறார்கள். பார்க்கக் கத்தரிக்கோல் மாதிரி இருக்கும், வெட்டாது. மெல்லிய மூக்கால் கவ்வும். கைப்பிடியில் இருக்கும் பற்கள் ஒன்றில் ஒன்று பூட்டிக்கொண்டால், கையை எடுத்தாலும் பிடி விடாது. அவருக்குப் பழசாகிப் போன ஒன்று வீட்டுக்கு வந்தது. பாவாடைக்கு நாடா கோக்க, மிக்ஸியில் சிக்கிய தேங்காய் நாரை எடுக்க, மீன் விற்கும் என் மாமியாரின் விரலில் ஏறிய முள்ளைப் பிடுங்க என்று சமையலறை ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

மகளுக்கு வீசிங் வந்த பிறகு அது என்னுடையதாகிவிட்டது.

டாக்டர் சொல்லி நெபுலைசர் வாங்கினோம். மருந்தைப் புகையாக்கி முகமூடி வழியாகக் கொடுக்கிற மெஷின். அதன் பக்கவாட்டில் ஒரு சின்ன ஓட்டை, அதற்குள் சட்டைப் பொத்தான் அளவுக்கு வெள்ளைப் பஞ்சு. வெளிக்காற்றை வடிகட்டி உள்ளே விடுவது அந்தப் பஞ்சுதான். அது அடைத்துக்கொண்டால் புகை மெலிந்துவிடும், குழந்தைக்கு மருந்து சரியாகப் போகாது. ஓட்டைக்குள் விரல் நுழையாது. ஆர்ட்டரியை விட்டுக் கவ்வி, பூட்டி, மெதுவாகத் திருகி இழுக்க வேண்டும். மாற்றச் சொல்லியிருக்கிற காலத்தில் பாதிகூட ஆகாமல் எங்கள் வீட்டுப் பஞ்சு அடுப்புக்கரி மாதிரி ஆகிவிடும்.

திருவொற்றியூரில் எங்கள் சந்தில், குழந்தை இருக்கிற வீடுகளில் பாதிக்கு மேல் இந்த மெஷின் இருக்கிறது. நான் பஞ்சு எடுப்பது தெரிந்ததும் ஒவ்வொருவராகத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். எதிர்வீட்டுப் பெண், புதுப்பஞ்சு எதற்கு என்று பழையதை சோப்புப் போட்டுத் துவைத்து, மொட்டைமாடியில் நெத்திலி காய்கிற பாயிலேயே உலர்த்தி மாட்டியிருந்தாள். அவள் பையன் முகமூடியைத் தள்ளிவிட்டு, மருந்தில் கருவாட்டு வாசனை அடிக்கிறது என்று அழுதானாம். சந்தே சிரித்தது. நானும் சிரித்தேன். பஞ்சு ஏன் இப்படிக் கறுக்கிறது என்று மட்டும் யாரும் கேட்கவில்லை.

முடிந்தால் குழந்தையைக் கொஞ்ச காலம் வேறு இடத்தில் வைத்துப் பாருங்கள் என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து எனக்கு ஒரே நினைப்புதான். மாதவரத்தில் என் அக்கா குடியிருக்கும் வீட்டில் மாடிப்போர்ஷன் காலியாக இருந்தது. அங்கே போய்விட வேண்டும். அங்கேயும் லாரிப் புழுதிதான், வந்த பிறகு என்னைத் திட்டாதே என்று அக்காவே சொன்னாள். அப்படியானால் போய் என்ன பயன் என்று ஒரு நாள் நினைப்பேன். மறுநாள் காற்று திசை மாறி, ஆலைகள் பக்கமிருந்து தொண்டையைக் கரகரக்க வைக்கிற நாற்றம் வரும், ஜன்னலை மூடிக்கொண்டு போயே தீரவேண்டும் என்று நினைப்பேன்.

பஞ்சு கறுப்பதற்குக் கொசுவத்தியும் சாம்பிராணியும்தான் காரணம் என்றார் மாமியார். அவர் சொல்வது சரியாகவும் இருக்கலாம். இரண்டையும் நிறுத்தினேன். குழந்தையின் கை கால் முழுக்கக் கொசுக்கடித் தடிப்பு. அதையும் பொறுத்துக்கொண்டு, சில வாரம் கழித்துப் பஞ்சை எடுத்துப் பார்த்தேன். அதே கறுப்பு.

அன்று மதியம் என் கணவர் சாப்பிட உட்கார்ந்தபோது, ஒரு சின்னத் தட்டில் அந்தப் பஞ்சையும் பக்கத்தில் புதுப்பஞ்சையும் வைத்து எதிரில் நகர்த்தினேன். சொல்ல வேண்டியதை முன்பே மனசுக்குள் பலமுறை சொல்லிப் பார்த்திருந்தேன்.

"மெஷினுக்காவது பஞ்சு இருக்குங்க. அவளுக்கு என்ன இருக்கு? மாதவரம் போயிடலாம்."

அவர் கறுத்த பஞ்சை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். இன்ஜின் சாமானைப் பார்க்கிற பார்வை.

"இத்த எப்டிமே எட்த்த? அதுல வெரலே போவாதே."

"ஆர்ட்டரியாலதான்."

"ஒயுங்கா எட்த்துகீறா பாரு, ஒரு நூலு பிரியல," என்று அம்மாவிடம் காட்டினார்.

மாமியார் சோற்றைப் போட்டுக்கொண்டே, "மெக்கானிக் பொண்டாட்டினா சும்மாவா," என்றார்.

"அதான் நீ கீறியே," என்றார் அவர் என்னிடம். "டகுன்னு சரி பண்ணிடுற. அப்றம் இன்னாத்துக்கு மாதவரம்? வெடிகால போட்டுக்கு நான் எப்டி வர்றது?"

கிண்டலாகச் சொல்லவில்லை. உண்மையாகவே பாராட்டினார். அதனால் எனக்குச் சண்டை போடவும் வழியில்லாமல் போயிற்று. ஒருமுறையாவது மெஷின் நின்று, குழந்தையைத் தூக்கிக்கொண்டு நான் ரோட்டில் ஓடியிருந்தால் இப்படிச் சொல்லியிருப்பாரா? நான் இந்த வேலையைக் கற்றுக்கொண்டிருக்கவே கூடாதோ? ஆனால் அவள் விலா இழுக்கிறபோது கையைக் கட்டிக்கொண்டா உட்கார முடியும்?

அந்த மாதமே மாடிப்போர்ஷனுக்கு வேறு ஆள் வந்துவிட்டதாக அக்கா போன் செய்தாள். வீட்டில் சொன்னேன். சரி விடு என்றார்கள்.

கொஞ்ச நாள் கழித்து அவர் பேப்பரில் சுற்றி ஒன்று கொண்டுவந்தார். சர்ஜிகல் கடையில் பலதைப் பூட்டிப் பார்த்து, திறந்து பார்த்துப் பொறுக்கியதாம். புத்தம்புது ஆர்ட்டரி, பழசைவிட நீளம்.

"பழ்சு துருப் புட்ச்சிகீது. இது மொன வளஞ்சது. ஒனக்கு ஈசியா இர்க்கும்."

எனக்கு அவர் இவ்வளவு பார்த்துப் பார்த்து ஒரு புடவை வாங்கியதில்லை. மாமியார் எதிர்வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டுக் காட்டினார். அதைச் சாக்கடையில் வீச வேண்டும் போலிருந்தது. பேப்பரை மடித்து வைத்தேன்.

மறுநாள் காலையிலேயே குழந்தைக்கு இழுப்பு. மெஷினைப் போட்டால் புகை நூலாக வந்தது. புது ஆர்ட்டரியை விட்டேன். வளைந்த முனை பஞ்சின் அடிவரை போய்க் கவ்வியது. ஒரே இழுப்பில் வந்துவிட்டது. புதுப்பஞ்சைச் செருகியதும் முகமூடிக்குள் புகை நிறைந்தது, அவள் கண்ணை மூடிக்கொண்டு என் மேல் சாய்ந்தாள்.

குளியலறையிலிருந்து அவர் கேட்டார், "எப்டிமே கீது?"

"நல்லா இருக்கு," என்றேன்.