போக வேண்டாம் என்று சொன்னவர்

பவுன்தாயி அம்மாள் காலமான செய்தியை, அவரிடம் பல ஆண்டுகள் வேன் ஓட்டிய முருகேசன் தொலைபேசியில் சொன்னார். "ஆத்தா காலையில தவறிட்டாக சார்" என்றவர், நான் வாய் திறப்பதற்குள், "மதுரையிலருந்து வாரப்ப பாயிண்ட் டு பாயிண்ட் வண்டியில ஏறிறாதீக. அது பழனிசெட்டிபட்டியில நிக்காது" என்றும் சேர்த்துக்கொண்டார். துக்கச் செய்தியோடு பயணத் தகவலும் வந்தது. அந்த அம்மாளிடம் வேலை பார்த்தவர்கள் அப்படித்தான்.

தேனிப் பேருந்து நிலையத்தில் அரசு நடத்திய பயணிகள் தகவல் மையம் ஒன்று இருந்தது. அதன் கோப்பைப் பார்த்துக்கொண்ட எழுத்தர் நான். மையத்தில் ஒரு மேசையும் சுவரில் ஒரு வரைபடமும் இருந்தன. உதவியாளர் பணியிடம் காலியாக இருந்தது. பயணிகள் வரைபடத்திடமே விசாரித்துவிட்டுப் போவார்கள். தனியாரிடம் விட்டால் சேவை மேம்படும் என்று மேலிடம் முடிவு செய்தது. இதைவிடக் கீழே போக வழியில்லாததால் நானும் அதை நம்பினேன்.

ஒப்பந்தத்தை எழுதியவன் நான். பெயர்ப்பலகையின் நிறம், மேசையின் உயரம், ஊழியரின் சீருடை எதையும் விடவில்லை. 'சுற்றுலாவை ஊக்குவிக்கும் வகையில் தகவல் வழங்க வேண்டும்' என்று ஒரு பிரிவும் சேர்த்தேன். அந்தத் தகவல் உண்மையாக இருக்க வேண்டும் என்று மட்டும் எந்தப் பக்கத்திலும் எழுதவில்லை. கையெழுத்திட்ட அதிகாரிகள் யாருக்கும் அது ஒரு குறையாகத் தோன்றவில்லை.

பழனிசெட்டிபட்டியில் இரண்டு வேன்கள் வைத்திருந்த பவுன்தாயி அம்மாள் மையத்தை எடுத்தார். வருகிறவர்களையெல்லாம் தம் வேனில் அள்ளிப் போட்டுக்கொள்வார் என்று அலுவலகத்தில் பேசிக்கொண்டார்கள். நானும் பேசினேன்.

முதல் ஆய்வுக்குப் போனபோது ஒரு குடும்பம் அருவிக்கு வழி கேட்டு நின்றது. அம்மாள் மலையடிவாரத்தில் யாருக்கோ போன் போட்டுக் கேட்டுவிட்டு, "நேத்து வரைக்கும் விழுந்துச்சு. இன்னைக்குப் பாறைதேன் இருக்கு. பாறை பாக்கப் போறீகளா?" என்றார்.

"திராட்சைத் தோட்டமாவது பார்க்கலாமா?"

"ஓடைப்பட்டியில இப்பத்தேன் கவாத்து பண்ணியிருக்காக. வெட்டுன கொடியப் பாத்து என்ன செய்வீக? அறுப்புக்கு வாங்க."

வாசலில் நின்ற முருகேசன் பொறுக்க முடியாமல், "ஆத்தா, வண்டிய இங்கன கழுவி நிப்பாட்டியிருக்கேன்" என்றார்.

"ஏலே, கழுவுன வண்டி நின்னா அழுக்காயிருமாக்கும்?"

ஓராண்டு இப்படியே போனது. அம்மாள் பயணிகளைத் திருப்பி அனுப்புகிறார் என்று விடுதிக்காரர்கள் சிலர் புகார் கொடுத்தார்கள். புகாரில் பொய் எதுவும் இல்லை. அலுவலகத்தில் விசாரணை நடந்தது. இனி யாரையும் போக வேண்டாம் என்று சொல்ல மாட்டேன் என எழுதிக் கொடுத்தால் மையம் அவரிடமே இருக்கும், இல்லையென்றால் போய்விடும் என்றார் விசாரித்த அதிகாரி.

"மழையில மலைப்பாதையில கல்லு சரிஞ்சு கெடக்குறப்ப எப்படி சார் ஊக்குவிக்கிறது?" என்று கேட்டார் அம்மாள்.

அதிகாரி என் பக்கம் திரும்பி, "ஒப்பந்தப்படி இது தவறா?" என்றார்.

"ஒப்பந்தப்படி தவறுதான், ஐயா" என்றேன்.

அம்மாள் எழுதிக் கொடுக்க மறுத்துவிட்டார். ரத்து ஆணையில் கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்த அதிகாரி, சற்றுக் குரலைத் தாழ்த்தினார். "ஞாயிற்றுக்கிழமை மைத்துனர் குடும்பம் வருகிறது. மலைக்குப் போகலாமா?"

"ஞாயித்துக்கெழம வேணாம் சார். கல்ல அள்ள ரெண்டு நாளாகும்னாக. செவ்வாய்க்கெழம போங்க."

அதிகாரி நாட்காட்டியில் குறித்துக்கொண்டு, ஆணையில் கையெழுத்திட்டார். செவ்வாய்க்கிழமை விடுப்பும் எடுத்தார்.

அடுத்து மையம் ஒரு தொண்டு நிறுவனத்திடம் போனது. நல்லவர்கள். வருகிறவர்கள் மகிழ்ச்சியாக இருக்கிறார்களா என்று படிவம் வைத்துக் கேட்டார்கள். மகிழ்ச்சி என்று எழுதிக் கொடுத்துவிட்டு, பயணிகள் எதிரே இருந்த வேன் நிறுத்தத்துக்குப் போய் அம்மாளிடம் வழி கேட்டார்கள். சில நாள்களில் மையத்து ஊழியர்களும் அங்கேயே கேட்கத் தொடங்கினார்கள்.

"பறித்துக்கொண்டவர்களுக்கு ஏன் இன்னும் சொல்கிறீர்கள்?" என்று ஒருமுறை கேட்டேன்.

"கேக்குறவுக என்ன அக்ரிமெண்டா போட்டாக? வந்து நிக்கிறாக, சொல்றேன்."

அன்று என் பிழையையும் ஒப்புக்கொண்டேன். "உண்மையைச் சொல்ல வேண்டும் என்று ஒரு வரி எழுதாமல் விட்டுவிட்டேன், அம்மா."

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "அத எழுதியிருந்தா ஒருத்தரும் டெண்டர் போட்டிருக்க மாட்டாக சார். எனக்கே பயமாத்தேன் இருந்திருக்கும்."

இறுதி ஊர்வலம் கம்பம் சாலையைக் கடந்தபோது கேரளப் பதிவெண் கொண்ட வேன் ஒன்று எங்களுக்காக நின்றது. அதன் ஓட்டுநர் தயக்கத்துடன் தலையை நீட்டி, "சேட்டா, மழையாச்சே, குமுளி ரோடு திறந்திருக்கா?" என்றார். கேட்க இடம் அதுவல்லதான். ஆனால் யாரும் கோபப்படவில்லை, பதிலும் சொல்லவில்லை. தெரியாததைச் சொல்ல அன்று ஒருவருக்கும் மனம் வரவில்லை. பாடையைத் தூக்கி வந்த முருகேசன் தோள் மாற்றிவிட்டு, ஓரமாகப் போய் மலையடிவாரத்து லோயர் கேம்புக்குப் போன் போட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து, "ஒத்தப் பக்கமா விடுறாகளாம். அவசரப்படாமப் போங்க" என்றார்.

விசாரணை அறையில் அன்று நான் கொடுத்த தகவலை இங்கே திருத்திக்கொள்கிறேன், அம்மா. நீங்கள் செய்ததில் தவறு எதுவும் இல்லை. போய் வாருங்கள்.