இரண்டரை அடி

இதை நம்புங்கள் என்று யாரையும் நான் கெஞ்சப் போவதில்லை. நடந்தது எனக்கு. நேரம், என் கைக்கடிகாரம் சொன்னது.

தன் மகன் வீட்டு ஹாலில் படுப்பவள் என் தங்கை. அறுபத்தெட்டு வயதில், தனக்கென்று சாத்திக்கொள்ள ஒரு கதவாவது வேண்டும் என்று வாடகை வீடு தேடினாள். ஒன்று அமைந்தது. மாலை ஆறு மணிக்குள் பதில் சொல்ல வேண்டும். என் பழைய ஃபிலிம் கேமராவோடு துணைக்குப் போனேன்.

"போன்ல எடுத்தா ஒரு நிமிஷம். நீ அந்தப் பெட்டியைத் தூக்கிட்டு வர்றே."

"உன் போன்ல நாலு சுவரும் விழுமாடி? குளியலறையையே கூடமாக் காட்டுற லென்ஸ் இது."

தரகர் வாசலோடு நின்றுவிட்டார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"உள்ள வாங்களேன்."

"பரவால்லம்மா. நீங்க பாருங்க."

அப்போதே எனக்கு உறுத்தியது.

பின்னறை. பிற்பகல் 3.10. ஜன்னல் நிறைய வெயில்.

இந்தக் கேமராவில் லென்ஸ் வழியாகப் பார்ப்பதில்லை. பக்கத்தில் தனியாக ஒரு சின்னக் கண்ணாடி உண்டு. அதன் நடுவில் எல்லாம் இரண்டிரண்டாகத் தெரியும். லென்ஸின் வளையத்தைத் திருப்பினால் இரண்டும் ஒன்றாகும். அப்போது வளையம் காட்டும் எண்தான், அந்தப் பொருள் நிற்கும் தூரம்.

கண்ணாடியில், எதிர்ச் சுவரில் நெடுக ஒரு கீறல். அதைப் பார்த்துத் திருப்பினேன். பன்னிரண்டு அடி. சரி. எடுத்தேன்.

இன்னொன்றுக்காக இரண்டடி பின்னால் போனேன். பதினாலு காட்ட வேண்டும்.

எட்டு காட்டியது.

கேமராவை இறக்கினேன். சுவரில்... கீறலே இல்லை. புதிதாக வெள்ளையடித்த சுவர்.

3.14. மறுபடி கண்ணாடியில் பார்த்தேன். கீறல் இருந்தது. தடித்திருந்தது. ஐந்து அடி.

"ஏய்... சமையலறையிலதானே இருக்கே?"

"ஆமாக்கா. குழாயைப் பாக்குறேன். ஏன்?"

பின்வாங்கினேன். கதவு நிலை முதுகில் இடித்தது.

3.16. இரண்டரை அடி.

அதற்குக் கீழே அந்த வளையம் திரும்பாது.

க்ளிக்.

வெளியே வந்துவிட்டேன்.

"என்னக்கா, வேர்த்துக் கொட்டுது? வீடு சரியில்லையா? உனக்குப் பிடிச்சாத்தான் சரின்னு சொல்லுவேன்."

அவள் முகத்தைப் பார்த்தேன். சொல்ல மனசு வரவில்லை.

"கேமராதான் கெட்டுப்போச்சு. வீட்டுக்கு என்னடி குறை?"

5.40க்குச் சரி சொல்லிவிட்டாள்.

ஆறாம் நாள். காலை 11.20. ஸ்டூடியோக்காரர் படங்களைக் கழுவி, கேமராவையும் சோதித்து வைத்திருந்தார்.

"கேமரா சுத்தமா இருக்கும்மா. தூரம் ஒரு அங்குலம் பிசகல. கடைசிப் படம் மட்டும் முழுக்கக் கறுப்பு. லென்ஸ் மூடியைக் கழட்ட மறந்துட்டீங்க. இந்தக் கேமரா வெச்சிருக்கிற எல்லாரும் பண்ற தப்புதான். மூடியிருந்தாலும் பக்கத்துக் கண்ணாடியில தெரியுமே!"

நானும் சிரித்தேன். பாதியில் நின்றது.

அந்த லென்ஸின் மூடி தொலைந்து ஒன்பது வருடம்.

தங்கைக்குப் போன் போட்டேன்.

"எங்க இருக்கே?"

"புது வீட்ல. பின் ரூமைப் பெருக்குறேன்."

"வெளிய வா."

"இரு, லைட்டைப் போடுறேன். ஜன்னலெல்லாம் திறந்துதான் இருக்கு... ஏன் இப்படி இருட்டிக்கிட்டு..."

"வெளிய வாடி!"

வந்துவிட்டாள். இப்போது என் வீட்டில், எதிர் அறையில் இருக்கிறாள். கதவுக்குத் தாழ்ப்பாளை அவளே வாங்கி மாட்டினாள்.

சாவியைத் திருப்பிக் கொடுக்கப் போனவள் நான். தரகர் வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

ஏன் என்று கேட்கவே இல்லை.