பாதியில் நிறுத்தாத எஸ்தர் அக்கா

புதன்கிழமை காலை தோட்டத்து ஆஸ்பத்திரியிலிருந்து எங்கள் மின்சார அலுவலகத்துக்குத் தொலைபேசி வந்தது. "எஸ்தர் அக்கா விடியக்காலையில தவறிட்டாங்க சார். உங்க புஸ்தகக் கூட்டத்துக்காரங்களுக்கும் சொல்லிருங்க" என்றார் கம்பவுண்டர். நாலே நாள் நெஞ்சுச்சளிக் காய்ச்சல்.

சித்திரபுரம் வாசகர் வட்டத்து நண்பர்களே, தோட்டத் தொழிலாளிகளின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாவாக அவரை நீங்கள் அறிவீர்கள். யுத்த காலத்தில் பர்மாவிலிருந்து நடந்தே வந்தவர் என்பதும் தெரியும். அதற்கு மேல், அந்த நாவலை எடுக்கும்வரை, நமக்கு எதுவும் தெரியாது.

முற்றுகைக்குள்ளான கோட்டை நகரத்திலிருந்து ஓடும் அகதிகளின் சரித்திரக் கதை அது. ஒரே பிரதி என்பதால் ஞாயிறு மாலைகளில் ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் கேட்போம். ஆறாம் அத்தியாயத்தில் ஒரு பெண் கைக்குழந்தையை வழியோரம் விட்டுவிட்டு நடக்கிறாள். "இவளெல்லாம் ஒரு தாயா?" என்று முதலில் கேட்டவன் நான். நாலைந்து பேர் ஆமோதித்தீர்கள்.

பின்வரிசையிலிருந்து எஸ்தர் அக்கா எழுந்தார்.

"நானும் ஒண்ண விட்டுட்டு வந்தவதான் சார். காட்டு வழி. வீட்டுக்காரர் காலராவுல போயிட்டாரு. மூத்தவளுக்கு ஆறு வயசு, கால் வீங்கி நடக்க முடியல. கையில இருந்தவளுக்குக் காய்ச்சல். ரெண்டு பேரையும் தூக்கிப் பாத்தேன், முடியல. சின்னவள ஒரு மரத்தடியில படுக்க வச்சேன். உசிரு இருந்துச்சு."

அவர் அழவில்லை. உட்கார்ந்து, "மேல வாசிங்க" என்றார். அன்றைய வாசிப்பை நாம் அத்தோடு முடித்துக்கொண்டோம்.

அடுத்த ஞாயிறு, வேறு புத்தகம் எடுக்கலாம் என்றார் நம் தலைவர். அக்காவின் மனம் நோகக் கூடாது என்ற நல்லெண்ணம்தான். ஆனால் அக்கா அன்று மூத்த மகள் மேரியையும் அழைத்து வந்திருந்தார். தங்கை வழியில் காய்ச்சலில் இறந்தாள் என்றே இருபது வயதுவரை நம்பியிருந்தவள் மேரி. அம்மா அந்த வாரம்தான் உண்மையைச் சொல்லியிருந்தார். மூன்று நாள் மகள் முகம் கொடுத்துப் பேசவில்லையாம்.

"பாதியில நிறுத்தாதீங்க. அந்தப் பொம்பள இன்னும் நடந்துக்கிட்டுதான் இருக்கா. எங்க போய்ச் சேருதான்னு எனக்குத் தெரியணும்" என்றார் அக்கா.

புத்தகத்தை வாங்கி ஏழாம் அத்தியாயத்தை அவரே வாசித்தார். வேதாகமம் வாசித்துப் பழகிய, நிறுத்தி நிறுத்திப் படிக்கும் குரல். ஓரிடத்தில் அது நின்றுபோனது. மேரி அருகில் போய், விட்ட வரியிலிருந்து தொடர்ந்தாள். பிறகு இருவரும் மாறி மாறி வாசித்து முடித்தார்கள். அன்று முதல் கொட்டும் மழையிலும் தாயும் மகளும் ஒரு ஞாயிறுகூடத் தவறவில்லை.

கடைசி அத்தியாயத்தில் ஆசிரியர் அந்தப் பெண்ணை ஆற்றில் விழுந்து சாக விட்டிருந்தார். நம்மில் பலருக்கு அது நியாயமான முடிவாகப் பட்டது. அக்கா ஒப்பவில்லை.

"அவள வச்சுக்கிட்டு என்ன செய்யன்னு எழுதுனவருக்குத் தெரியல, அதான் கொன்னுட்டாரு. நான் சாகலையே. பதினாலு வருசமா ஊரார் பிள்ளைங்களத் தூக்கி வளக்கேன். அதையும் எழுதணும்லா?"

 

அடக்கத்தின்போது, சபையார் 'ஐயர்' என்று அழைக்கும் போதகர், எஸ்தர் அக்கா மேரி என்னும் மகளை விட்டுச் சென்றார் என்று சொல்லத் தொடங்கினார். மேரி குறுக்கிட்டாள். "ரெண்டு மக, ஐயரே. ரூத்து பேரையும் சொல்லுங்க." அவர் சொன்னார். அந்தப் பெயரை நாம் அன்றுதான் முதன்முதலாகக் கேட்டோம்.

நாவல் முடிந்த அன்று, வாசலில் அக்காவை நிறுத்தி, நான் பேசியது தவறு என்றேன். குடையை விரித்துக்கொண்டே அவர் சொன்னார்: "தெரியாமத்தானே சொன்னீங்க. இப்பத் தெரியும்லா?"

அது மன்னிப்பா கண்டிப்பா என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்த ஒரு வாக்கியத்தைத்தான். இனி எனக்குத் தெரியாது என்று சொல்ல வழியில்லை.